கால்புள்ளிக்கு இரண்டு நொடி

போகிக்குப் பரணை ஒழித்தபோது அப்பாவின் பழைய டைரி கிடைத்தது என்று எழுதுகிறார் பெரம்பூர் வாசகர் ஒருவர். தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா பாரிமுனையில் குமாஸ்தா. அட்டையின் உள்பக்கம் 'ஏடிடிடி0,,' என்று தொடங்கி ஓர் எண். "எண்ணுக்கு நடுவில் எதற்கு சார் இரண்டு கமா?"

முன்னால் இருக்கும் நான்கு எழுத்துகள், கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடம் என்ற கருவிக்கான கட்டளை: அட்டென்ஷன், டயல், டோன். 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்தில் கொண்டுவந்த இந்த மொழியைப் பின்னால் எல்லா மோடமும் பேசின. கடைசி எழுத்துக்குப் பதில் 'பி' போட்டால் பழைய வட்ட டயல்போலத் தட்டித் தட்டி அழைக்கும்.

இனி கமா. அலுவலகத்தில் ஜீரோ அழுத்தினால்தானே வெளி லைன்? அந்த ஜீரோவைக் கேட்டதும், அலுவலக போன்களை வெளி லைன்களோடு இணைக்கும் ஈபிஏபிஎக்ஸ் பெட்டி காலியான லைன் ஒன்றைத் தேடிப் பிடிக்கும். மறுமுனையில் எக்ஸ்சேஞ்ச், லைனில் மின்னோட்டம் ஓடுவதைக் கண்டு, இலக்கங்களை வாங்கிக்கொள்ள ஒரு கருவியை ஒதுக்கிவிட்டு 'கொர்ர்' என்று டயல்டோன் தரும். "நான் தயார், சொல்லு" என்பதே அந்தக் கொர்ர். நாம் அதைக் காதால் கேட்டுவிட்டு அழுத்துவோம். மோடத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. பல மோடம்களில் ஓர் இலக்கத்தின் ஒலி 95 மில்லிநொடி, இடைவெளியும் அவ்வளவே. அன்றைய சென்னையின் ஏழு இலக்க எண் முழுவதும் சுமார் 1.3 நொடியில் ஓடி முடிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் காதைத் திறப்பதற்குள் முதல் இரண்டு இலக்கம் காற்றோடு போயிருக்கும். மிச்சம் ராங் நம்பர்.

கமா போட்டால் மோடம் இரண்டு நொடி வாயை மூடிக்கொள்ளும். இரண்டு கமாவுக்கு நான்கு. பள்ளிக்கூடத்தில் கால்புள்ளிக்கு ஒரு மாத்திரை நிறுத்திப் படி என்றார்கள். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம். அதே குறியை ஓர் இயந்திரமும் மூச்சுவிடும் இடமாகப் படிக்கிறது என்பதில் எனக்கு இன்றும் தீராத குஷி.

ஆனால் கமா குருட்டு நம்பிக்கைதான். டோன் வந்ததா என்று பார்க்காது. காது கொடுத்துக் கேட்க 'டபிள்யூ' உண்டு: வெளி லைனின் டோன் வந்த பிறகே மேலே போகும், வராவிட்டால் 'நோ டயல்டோன்' என்று கைவிரிக்கும். ஆச்சரியக்குறி, ரிசீவரை அரை நொடி வைத்து எடுப்பதற்குச் சமம். கடைசியில் அரைப்புள்ளி வைத்தால் டயல் செய்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். ரிசீவரை எடுத்து நாமே பேசலாம்.

அந்நாளில் இந்தக் கட்டளை வரிகள் மந்திரம்போலக் கைமாறின. "கூட ஒரு கமா போடுங்க, லைன் மாட்டும்" என்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. எனக்கு அதில் கொஞ்சம் கோபமே உண்டு. ஈபிஏபிஎக்ஸ் மந்தம், அவ்வளவுதான் விஷயம்! கமாவுக்குக் காத்திருக்கும் நேரத்தை மோடத்தின் நினைவில் எஸ்8 என்ற இடத்தில் எழுதி மாற்றியிருந்தால் ஒரே கமா போதும்.

உங்கள் செல்போனிலும் அந்தக் கமா உயிரோடுதான் இருக்கிறது. கஸ்டமர்கேர் எண்ணைச் சேமிக்கும்போது பின்னால் இரண்டு மூன்று கமா, பிறகு தமிழுக்கு அழுத்தச் சொல்லும் இலக்கம். டயல் செய்துவிட்டுச் சும்மா இருங்கள்.