முதுகுக் குழாய் வழியாகக் கிருமி ஏறுமா?

"அப்பாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். வலி தெரியாமல் இருக்க முதுகில் எபிடூரல் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். அது வழியாகக் கிருமி தண்டுவடத்துக்குப் போகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போகலாம். ஆனால் அபூர்வம்.

தண்டுவடத்தின் தடித்த உறைக்கு டூரா என்று பெயர். அதற்கு வெளியே, கொழுப்பும் சிரைகளும் நிறைந்த இடுக்கில் சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள குழாயை நுழைத்து மரப்பு மருந்து செலுத்துகிறார்கள். மருந்து 0.2 மைக்ரான் துளைகள் கொண்ட வடிகட்டி வழியாகத்தான் போகிறது. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியின் குறுக்களவோ சுமார் 1 மைக்ரான். ஆக, குழாயின் உள்பக்கம் பெரும்பாலும் பத்திரம். சிக்கல் வெளிப்பக்கத்தில்.

ஊசி போடுமுன் தோலில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, அது நன்றாகக் காயும்வரை காத்திருப்பார்கள். ஈரத்தோடு உள்ளே போனால் நரம்புக்கு ஆகாது. தோலின் மேலுள்ள கிருமிகள் அதில் செத்துவிடும். மயிர்க்கால்களின் ஆழத்தில் இருப்பவை தப்பித்து, மெல்லப் பெருகி மேலே வரும். அங்கே குழாய் கிடைத்தால் விடுமா? பிளாஸ்டிக்கில் ஒட்டியதும் அவற்றின் போக்கே மாறிவிடுகிறது. சர்க்கரைச் சங்கிலிகளாலான பசையைச் சுரந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குழாயோரமாகவே உள்ளே பரவும். இதுதான் பயோஃபிலிம். அடியில் இருப்பவற்றுக்கு உணவும் ஆக்சிஜனும் சரியாக எட்டாது. வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். இந்தச் சோம்பல்தான் அவற்றின் கவசம்! பென்சிலின் வகை மருந்துகள் தாக்குவது கிருமி செல்சுவர் கட்டும் வேலையை. கட்டுவதையே நிறுத்தியவனை அவை என்ன செய்யும்? அதனால்தான் தொற்று என்று சந்தேகம் வந்தாலே குழாயை உருவிவிடுகிறார்கள்.

பிரிட்டனின் மயக்கவியல் கல்லூரி 2009-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளை ஆராய்ந்தது. எல்லாக் காரணங்களும் சேர்த்து நிரந்தரப் பாதிப்பு லட்சத்துக்கு 2 முதல் 4.2 பேருக்குத்தான். (புது மருந்து தேடுவதற்கு மட்டுமல்ல, இப்படி உட்கார்ந்து எண்ணுவதற்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.)

நம்மூரில் வேறொரு தொல்லை. 'முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் வலிதான்' என்ற நம்பிக்கை. ஆய்வுகள் அதற்கு இடம்கொடுக்கவில்லை. ஆனால் அதை நம்பும் வீட்டில், குழாய் எடுத்துச் சில நாள் கழித்துக் காய்ச்சலோடு முதுகு வலித்தாலும் 'அது அப்படித்தான்' என்று விட்டுவிடுவார்கள். டூராவுக்கு வெளியே உள்ள அந்த இடுக்கில் சீழ் கோத்துக்கொள்ளும் எபிடூரல் சீழ்க்கட்டி தொடங்குவதும் அப்படித்தான். காய்ச்சல் இல்லாமலும் வரலாம். அடுத்து கால் தளரும், சிறுநீர் கழிக்க முடியாமல் போகும். உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் அறுவை செய்து சீழை வெளியேற்ற வேண்டும். அறுவைக்குப் போகும்போது காலில் எவ்வளவு பலம் மிஞ்சியிருக்கிறதோ, பெரும்பாலும் அதைப் பொறுத்தே பிறகு நடக்க முடியுமா என்பது அமையும்.