சுட்ட கிழங்குக்கு இத்தனை இனிப்பு எங்கிருந்து வருகிறது?

கேம்ப் ஃபயருக்கு எளிதாக என்ன சாப்பாடு செய்யலாம் என்று கேட்ட வாசகர் ஒருவர், கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தார்: தணலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, குக்கரில் வேகவைத்ததைவிட அதிகமாக இனிப்பது ஏன்? முதல் கேள்விக்கு நான் சொல்லும் பதிலும் இந்தக் கிழங்குதான். பாத்திரம், எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். வேண்டிய சர்க்கரையையும் கிழங்கே தயாரித்துக்கொள்ளும்.

பச்சைக் கிழங்கைக் கடித்தால் லேசாகத்தான் இனிக்கும். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி என்பது பள்ளியில் படித்ததுதான். சங்கிலியாக இருக்கும்வரை நாக்குக்கு அது இனிக்காது.

அதை வெட்டும் நொதி (என்சைம்) கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. பெயர் பீட்டா அமைலேஸ். இந்த நொதியை ஆய்வாளர்கள் 1940-களில் படிகமாகப் பிரித்தெடுத்தது சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்துதான். அந்த அளவுக்கு அதில் நிறைந்து கிடக்கிறது. மல்லிகைச் சரத்தின் நுனியிலிருந்து இரண்டிரண்டு பூவாக நறுக்கிக்கொண்டே போவதுபோல, சங்கிலியின் ஒரு முனையில் தொடங்கி இரண்டிரண்டு குளுக்கோஸாக வெட்டித் தள்ளுகிறது. ஒவ்வொரு இரட்டையும் ஒரு மால்டோஸ். நாம் காபியில் போடும் சர்க்கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மால்டோஸின் இனிப்பு. ஆனால் அது உருவாகும் அளவு அதிகம் என்பதால் கிழங்கே மாறிப்போகிறது.

நொதியும் மாவும் ஒரே கிழங்கில் இருக்க, பச்சையாகவே ஏன் இனிப்பதில்லை? மாவுச்சத்து இறுகிய துகள்களாகக் கிடக்கிறது. நொதியால் உள்ளே நுழைய முடியாது. ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸை எட்டும்போதுதான் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, கட்டவிழ்ந்து கூழாகின்றன. கஞ்சி கெட்டிப்படுவதும் இதனால்தான். இப்போது நொதிக்கு வழி திறந்துவிட்டது. ஆனால் நொதி ஒரு புரதம். 80 டிகிரியை நெருங்கினால் அதன் வடிவம் குலைந்து வேலை நின்றுவிடும். கதவு திறப்பதற்கும் வேலையாள் விழுவதற்கும் நடுவே இருப்பது 15 டிகிரி இடைவெளி மட்டுமே. சுடும்போது கூடும் இனிப்பு பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறக்கிறது. சமையலறை வேதியியலில் இதைவிட அழகான ஒன்றை நான் அறியேன். உருளைக்கிழங்கில் இந்த நொதி மிகக் குறைவு. அதனால்தான் எவ்வளவு பொறுமையாகச் சுட்டாலும் அது இனிக்காது.

ஆக, கேள்வி எத்தனை டிகிரி என்பதல்ல. எத்தனை நேரம் என்பதே. மைக்ரோவேவில் அந்த 15 டிகிரியைக் கிழங்கு ஓரிரு நிமிடத்தில் தாண்டிவிடும். குக்கரிலும் வேகம் அதிகம். சாம்பலோ வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும். கிழங்கின் நடுப்பகுதி அதே இடைவெளியில் நிதானமாக ஊறுகிறது. ஜப்பானில் சூடான கூழாங்கற்களுக்குள் புதைத்துச் சுட்டு விற்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கான யாக்கி இமோவின் சூட்சுமமும் இதுவே.

செய்முறைக்கு வருவோம். 4 முதல் 5 செ.மீ. விட்டமுள்ள, நீளவாக்கான கிழங்குகளாகப் பொறுக்குங்கள். விட்டம் இரட்டித்தால் நடுவரை சூடேற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரமாகும். குண்டுக் கிழங்கு வெளியே கருகி உள்ளே வேகாமல் கிடப்பது இதனால்தான். தோலை உரிக்காதீர்கள், துளையும் போடாதீர்கள். தீ மூட்டியவுடனே கிழங்குகளைச் சுவாலை தொடாத தூரத்தில் ஓரமாக அடுக்கி, அவ்வப்போது திருப்பிவிடுங்கள். அரை மணி நேரத்தில் சுவாலை அடங்கிக் கங்கு மட்டும் மிஞ்சும். கங்குகளை ஒதுக்கி, வெறும் சாம்பல் படுக்கையில் கிழங்கை வைத்து, மேலே இரண்டு விரற்கடை சாம்பல் மூடி, அதற்கு மேல் கங்கைப் பரப்புங்கள். சிவந்த கங்கு கிழங்கை நேரடியாகத் தொடக்கூடாது. அதன் சூடு 600 டிகிரிக்கு மேல். 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்தில், குச்சி தடையின்றி இறங்கும். தோல் வெடித்த இடத்தில் பாகு கசிந்து பழுப்பாக உறைந்திருந்தால் சரியான பதம்.

சாம்பல் ஒட்டுவது பிடிக்காதவர்கள் நனைத்த வாழையிலையை இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றலாம். ஈரம் வற்றும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை உணவில் இறங்கும்.

சுட்ட கிழங்கு சப்பென்று இருந்தால் பழி தணல்மேல் மட்டும் அல்ல. தோண்டிய அன்றே சுட்ட கிழங்கில் இனிப்பு குறைவு. காற்றோட்டமான நிழலில் சில வாரம் இருந்ததில் கூடுதல். ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரில் திசு பாதிக்கப்பட்டு, எவ்வளவு வேகவைத்தாலும் நடுவே கட்டி நிற்கும்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1963 முதல் இயங்குகிறது. உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் நிறைந்த, ஆரஞ்சு நிற ‘பூ சோனா’, ஊதா நிற ‘பூ கிருஷ்ணா’ ஆகிய சர்க்கரைவள்ளி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. ஆரஞ்சுக் கிழங்கை ஆப்பிரிக்காவில் பரப்பிய விஞ்ஞானிகள் 2016-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள். இருந்தும் நம் சந்தையில் இந்த ரகங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் ஒதுக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளியாவது கிழங்குக்கும், அதை விவசாயி கையில் சேர்ப்பதற்கும் போக வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கவனிக்கவும்: மேலே சொன்ன அதே காரணத்தால், சுட்ட கிழங்கு வேகவைத்ததைவிட இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

காத்திருக்கும் நேரத்துக்கு மக்காச்சோளம் போதும். மடலோடு 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துக் கங்குமேல் 15 நிமிடம் திருப்பினால் தன் ஆவியிலேயே வெந்துவிடும். பச்சை வேர்க்கடலையைத் தோட்டோடு சுடு சாம்பலில் போட்டுக் கிளறலாம். எதையும் அரளிக் குச்சியில் குத்திச் சுடாதீர்கள்; அரளி விறகும் ஆகாது, அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. அடுப்புக்கு ஆற்றுக் கற்களையும் வைக்காதீர்கள்; உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துச் சிதறும்.

காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். அனுமதித்த இடத்தில் மட்டும் மூட்டுங்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு மறுநாள் காலைவரைகூட உயிரோடிருக்கும் என்பதால், தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே நீட்டிச் சூடில்லை என்று உறுதிசெய்த பிறகே கிளம்புங்கள்.