1 அங்குலக் கிளை 2 அங்குலம் ஆகும்போது

4 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயிலிருந்து 1 அங்குலக் கிளை ஒன்று போகிறது. அது போதவில்லை, 2 அங்குலம் வேண்டும். கிளையை வெட்டி, ரெட்யூசரை (இரு அளவுக் குழாய்களை இணைக்கும் கூம்புத் துண்டு) திருப்பி வைத்து, அங்கிருந்து பெரிய குழாயை இழுத்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும்.

வேலை சுலபம், ஆனால் தாய்க்குழாயில் உள்ள வாய் பழைய அளவிலேயே இருக்கும். மெல்லிய சுவருள்ள 10எஸ் ரகத்தில் 1 அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 28 மி.மீ., 2 அங்குலத்துக்கு 55 மி.மீ. பரப்பளவில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். அதே ஓட்டம் சின்ன வாயில் நான்கு மடங்கு வேகத்தில் நுழையும். அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்த இடத்தில் சுமார் 15 மடங்கு. கிளை வெகுதூரம் ஓடுகிறது என்றால் மொத்த இழப்பில் இது சிறு பங்குதான். அப்போது ரெட்யூசரே போதும்.

சரி, வாயையே பெரிதாக்குவோம் என்றால், வேறு கவலை வருகிறது. உள்ளழுத்தம் குழாயின் சுவரைச் சுற்றுவாக்கில் இழுத்துப் பிளக்கப் பார்க்கிறது. சிறு துளை போட்டாலே அதன் விளிம்பில் தகைவு (உலோகத்துக்குள் எழும் இழுவிசையின் அடர்த்தி) சுமார் இரண்டரை மடங்காகிறது. ஆலைக் குழாய்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பான ஏஎஸ்எம்இ பி31.3-இன் எளிய வழி இது: அழுத்தத்தைத் தாங்கத் தேவைப்படும் உலோகத்தில் எவ்வளவை வெட்டி எடுத்தீர்களோ, அதைத் துளையைச் சுற்றியே ஈடுகட்டுங்கள்.

வெல்டோலெட் என்பது துளையின் மேல் வைத்து வெல்டிங் செய்யும் கிளைப் பொருத்து. அது அந்த ஈட்டைத் தன் தடித்த உடம்பிலேயே வைத்திருக்கிறது. தாய்க்குழாயைத் துண்டாக்கவும் வேண்டாம், துளை போட்டு மேலே வைத்து வெல்டிங் செய்தால் போதும். ஆனால் 4 அங்குல 10எஸ் குழாயின் சுவர் 3.05 மி.மீ.தான். தடித்த வெல்டோலெட்டைச் சுற்றி நிரப்பும் உலோகமெல்லாம் ஒரே பக்கத்தில் குவிகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதாரண எஃகைவிட அதிகம் விரியும், வெப்பத்தையோ மெதுவாகத்தான் கடத்தும். ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கி, நேராக இருந்த குழாய் கிளைப்பக்கமாக வளைந்துவிடும். ஆகவே மெல்லிய சுவருக்கு என் தேர்வு ரெட்யூசிங் டீ, அதாவது கிளைவாய் மட்டும் சிறிதாக உள்ள டி வடிவப் பொருத்து. குழாயை வெட்டி மூன்று இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டும், நேரமும் பிடிக்கும். ஆனால் மூன்றும் நேருக்குநேர் மூட்டுகள், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் எளிது. 80எஸ் போன்ற தடித்த சுவரில் வெல்டோலெட் தாராளமாகப் பொருந்தும்.

மரைப் பொருத்துகளை முடிந்தவரை தவிர்க்கலாம். ஸ்டெயின்லெஸ் மரைகள் முறுக்கும்போதே ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். இடுக்கில் குளோரைடு தேங்கினால் அரிப்பும் அங்கேதான் தொடங்கும்.

எதைத் தேர்ந்தாலும் குழாய்க்குள் ஆர்கான் வாயுவை நிரப்பித்தான் வெல்டிங் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உட்புறம் கருத்து, சர்க்கரை போலப் பொரபொரவென்று ஆகிவிடும். அந்த இடம் அரிப்பைத் தாங்காது. 304எல், 316எல் என்ற ஸ்டெயின்லெஸ் ரகங்களில் கார்பன் 0.03 சதவீதத்துக்குள் இருப்பதால், அரிப்பைத் தடுக்கும் குரோமியம் சூட்டில் கார்பைடாகப் போய்விடும் ஆபத்து குறைவு. அப்புறம், சாதாரண எஃகைத் தேய்த்த பிரஷ்ஷை இதில் தொடவே கூடாது. ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள் முதலில் துருப்பிடித்து, கூடவே குழாயின் பாதுகாப்புப் படலத்தையும் கெடுக்கும்.