காது மிஷின் போட்டும் போன் பேச முடியவில்லையா?

"மிஷின் நல்லாத்தான் இருக்கு, டிவி கேட்குது, போன்தான் பேச முடியல." செவித்திறன் ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. பலர் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டே போன் பேசுகிறார்கள், அப்புறம் பேசுவதையே குறைத்துக்கொள்கிறார்கள். கவலையாக இருக்கிறது.

ஜிஎஸ்எம் என்ற 2ஜி முறையில் இயங்கும் போன் ரேடியோ அலையைத் தொடர்ச்சியாக அனுப்பாது, வினாடிக்கு சுமார் 217 முறை விட்டுவிட்டு அனுப்பும், பக்கத்தில் இருக்கும் காது மிஷின் அந்தத் துடிப்பைப் பிடித்து 'ஜ்ர்ர்' என்று இரைச்சலாக்கிவிடும். போன் தயாரிப்பவர் மட்டும் நினைத்தால் இது தீராது, மிஷின் தயாரிப்பவர் மட்டும் நினைத்தாலும் தீராது. போன் எவ்வளவு குறுக்கிடுகிறது, மிஷின் எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டையும் அளக்க வேண்டும். அமெரிக்காவில் ஆன்சி சி63.19 என்ற தரநிலை அதற்காகத்தான் வந்தது.

மிஷின் போட்டும் பேச்சு புரியாதவர்களுக்கு நிகழ்நேர உரை என்று ஒரு வசதி உண்டு. அழைப்பில் இருக்கும்போதே நீங்கள் தட்டத் தட்ட எழுத்து எதிரில் இருப்பவருக்குத் தெரியும், 'அனுப்பு' பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. ஆபத்தில் உதவி கேட்கிறவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாலும் அந்தப் பாதி போய்ச் சேர்ந்திருக்கும், அதனால்தான் இதை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். இதற்கான டி.140 தரநிலையை சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-லேயே வெளியிட்டது. அந்த எழுத்து இணையம் வழியாகப் போகும் முறையை 2005-ல் வகுத்தவர்கள் சுவீடனின் குன்னார் ஹெல்ஸ்ட்ரோமும் அமெரிக்காவின் பால் ஜோன்ஸும். இத்தனை வருஷம் ஆகியும் எல்லா நெட்வொர்க்கிலும் இது கிடைப்பதில்லை. நம் பக்கம் வசதி இருந்து எதிர்முனையில் இல்லையென்றால் என்ன பயன்? ஒரு நாடு மட்டும் நன்றாகச் செய்துகொண்டால் போதாது என்பது இங்கேதான் புரிகிறது. 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் 32-வது பிரிவில் ஆராய்ச்சிக்கு நாடுகள் ஒத்துழைக்கச் சொல்கிறது. அந்த ஆராய்ச்சியில் காது கேளாதவர்கள் தொடக்கத்திலிருந்தே உட்கார வேண்டும், எல்லாம் முடிந்தபின் சோதித்துப் பார்க்க மட்டும் கூப்பிட்டால் போதாது.

சரி, புது போன் வாங்கப் போகிறீர்களா? மிஷினைப் போட்டுக்கொண்டே போங்கள், ஒரு அழைப்பாவது பேசிப் பாருங்கள். மிஷினில் டெலிகாயில் (போனின் ஒலியைக் காந்தப்புலம் வழியாகப் பிடிக்கும் சிறு கம்பிச்சுருள்) இருந்தால் அதிலும் வைத்துக் கேளுங்கள். போனின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதியைத் திறந்து, நிகழ்நேர உரை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சேவை நிறுவனத்திடம் எழுத்திலேயே கேளுங்கள்.