ஆறாவது நாற்காலி

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா, சேலத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு போன் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எலும்பு டாக்டர் இன்றைக்கு வருவாரா என்று மட்டும் தெரிந்தால் போதும். கேட்காமல் புறப்பட்டு, டாக்டரும் இல்லையென்றால், ஏற்காட்டு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முழங்கால் வலியோடு திரும்ப ஏற வேண்டும். அன்றைய கூலியும் போச்சு.

அந்த மருத்துவமனையின் கால் சென்டருக்கு மணிக்கு 60 அழைப்புகள், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 4 நிமிடம். மொத்தம் 240 நிமிடப் பேச்சு. அப்படியென்றால் நான்கு பேர் போதுமே? போதாது. போன் சீராக அடிப்பதில்லை. இரண்டு நிமிடம் சத்தமே இருக்காது. அடுத்த நிமிடம் நான்கு சேர்ந்து அடிக்கும். சும்மா போன நிமிடங்களைச் சேமித்து வைக்கவும் வழியில்லை. நான்கு பேர் மட்டும் இருந்தால் வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரம் இதற்கு விடை சொல்கிறது. அதில் நம் எண்களைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஐந்து பேர் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 2 நிமிடத்துக்கும் மேல். ஆறு பேர் என்றால் சுமார் 34 விநாடி. ஏழு பேர் என்றால் 11. எட்டாவது ஆள் வந்து குறைப்பது ஏழே விநாடி. (பொறுக்காமல் போனை வைத்துவிடுகிறவர்களை இந்தச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை.)

ஆறு பேர் இருக்கும்போது அவர்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போன் வராமல் கழியும். அதை வீண் என்று நினைத்து ஓர் ஆளைக் குறைத்தால், அந்த அம்மாவின் காத்திருப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும்.

சரி, ஆறு நாற்காலிக்கு ஆறு பேரை எடுத்தால் ஆயிற்றா? லீவு, காய்ச்சல், பயிற்சி, டீ என்று நேரத்தில் 30 சதவீதம் போனால் ஒன்பது பேர் வேண்டும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு யார் யாருக்கு லீவு என்பதை ஆனியிலேயே பேசி முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு நாளையும் அரைமணி அரைமணியாக வெட்டி, கூட்டம் குறையும் வேளையில் டீக்கு ஒவ்வொருவராக அனுப்ப வேண்டும்.

பேசும் நேரத்தை 3 நிமிடமாகச் சுருக்கினால் ஆள் மிச்சமாகும் என்று தோன்றலாம். ஆனால் மாத்திரையின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்லி உறுதிசெய்வது அந்த நான்காவது நிமிடத்தில்தான்.