‘முதலீட்டு லாப வரி’ என்று ஒரு வரி இல்லை

வரி விகிதத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற விவாதம் எழும்போதெல்லாம் ‘முதலீட்டு லாப வரி’ என்ற தொடரும் செய்திகளில் தவறாமல் தலைகாட்டுகிறது. அது சுட்ட விரும்புவது, வீடு, நிலம், பங்கு போன்ற சொத்தை விற்று ஒருவர் பெறும் ஆதாயத்தின்மீது விதிக்கப்படும் வரியை; ஆங்கிலத்தில் ‘கேப்பிட்டல் கெயின்ஸ் டாக்ஸ்’. அதற்கு உரிய பெயர் மூலதன ஆதாய வரி.

‘கேப்பிட்டல்’ தலையைக் குறிக்கும் லத்தீன் சொல்வழி வந்தது. மூலதனம் வேரான செல்வம். பிறப்பு வரலாறு இவ்வளவு போதும்.

முதலீடு என்பது ஒருவர் தம் பணத்தை ஒன்றில் இடும் செயல். தாத்தா விட்டுச்சென்ற வீட்டை விற்கும் பேரன் அதில் எதையும் இட்டவரல்லர். ஆயினும் இந்திய வருமான வரிச் சட்டம், தாத்தா வாங்கிய விலையையே அடக்கவிலையாகக் கொண்டு, பேரனின் ஆதாயத்தைக் கணக்கிடுகிறது. மறுபுறம், பங்கு ஈவுத்தொகையும் வைப்புத்தொகை வட்டியும் முதலீட்டின் பயன்களே என்றாலும் இவ்வரிக்குள் வருவதில்லை. உள்ளே இருக்க வேண்டியதை வெளியே தள்ளி, வெளியே இருக்க வேண்டியதை உள்ளே இழுக்கும் பெயரை எப்படி ஏற்பது? ‘லாபம்’ என்பதும் வணிகத்துக்குரிய சொல். மனைகளை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்குக் கிடைப்பது வணிக லாபம்; குடியிருந்த வீட்டை விற்றவருக்குக் கிடைப்பது ஆதாயம். சட்டம் இரண்டையும் தனித்தனித் தலைப்பில் வைத்திருக்க, மொழிபெயர்ப்பாளர் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்.

மூலதனமும் ஆதாயமும் வடசொற்களாயிற்றே என்பர் தூய தமிழ் விரும்புவோர். (லாபமும் வடசொல்லே என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.) ‘ஆக்கம் கருதி முதலிழக்கும்’ என்ற குறளில் இரண்டுக்கும் தமிழ்ச்சொல் அருகருகே இருப்பது எனக்கும் ஆசை காட்டுகிறது, ஆனால் ஆக்கம் இன்று படைப்பு என்ற பொருளுக்குப் பெரிதும் நகர்ந்துவிட்டதால், ‘முதலாக்க வரி’ என்றால் முதலை உண்டாக்குவதற்கான வரி என்றே படிப்பார்கள்.

2024 ஜூலையில் நீண்டகால ஆதாயத்துக்கான விகிதம், வீடு, நிலம் போன்றவற்றுக்கு 20 விழுக்காட்டிலிருந்து 12.5 ஆகக் குறைக்கப்பட்டு, பணவீக்கத்துக்கேற்ப அடக்கவிலையை உயர்த்திக் கணக்கிடும் முறையும் நீக்கப்பட்டபோது எழுந்த பூசலே ‘ஆதாயம்’ என்ற சொல்லைப் பற்றியதுதான்: ரூபாயின் மதிப்பு சரிந்ததால் மட்டும் ஏறிய விலை ஆதாயமாகுமா? அந்தக் கேள்வியை விளக்க வேண்டிய கட்டுரைகளோ, பழைய வீட்டை விற்றுப் புது வீடு வாங்குவோர்க்குச் சட்டம் தரும் விலக்கையும் ‘வரித் தள்ளுபடி’ என்று எழுதின. தள்ளுபடி என்பது கணக்கிட்டு வந்த வரியிலிருந்து கழிப்பது. விலக்குப் பெற்ற தொகையோ வரிக் கணக்குக்குள்ளேயே நுழைவதில்லை.