வினாத்தாள் அச்சாகும் முன்பே ஆச்சியைக் கூப்பிடுங்கள்

முதியோர் பற்றிய ஆய்வில் முதியோருக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: கேட்டதற்குப் பதில் சொல்வது. எதைக் கேட்பது என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.

காரைக்குடிப் பக்கம் வயதானவர்கள் வீட்டில் விழுவதைப் பற்றி ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். 'கடந்த 12 மாதங்களில் விழுந்தீர்களா?' என்பது வழக்கமான கேள்வி. நிலைப்படி தடுக்கியதையும், மழை நாளில் வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதியில்) வழுக்கி உட்கார்ந்ததையும் பலர் விழுந்த கணக்கில் சேர்ப்பதில்லை. எலும்பு முறிந்தால்தான் அவர்களுக்கு அது விழுந்தது. 12 மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதும் குழப்பம். 'போன பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்ததிலிருந்து' என்றால், ஆண்டுதோறும் அந்த நோன்பு எடுக்கும் நகரத்தார் (செட்டியார்) வீட்டு ஆச்சிக்குச் சட்டென்று பிடிபடும். அப்போதும் சின்னச் சறுக்கல்கள் மறந்துபோகும்; விழுந்த அன்றைக்கே தினசரி காலண்டர் தாளில் குறிக்கச் சொல்லி, மாதம் ஒருமுறை போனில் கேட்டு எழுதுவது மேல்.

விழுந்த இடத்துக்கு 'குளியலறை, படுக்கையறை, மாடிப்படி' என்று அச்சடித்தால் முகப்பும் இரண்டாங்கட்டும் 'மற்றவை'யில் போய் விழும். ராத்திரியில் கழிப்பறைக்குப் பின்கட்டு வரை நடக்க வேண்டிய வீடுகளில் விடையே அந்த 'மற்றவை' கட்டத்துக்குள்தான் இருக்கும். இதை வரைவிலேயே திருத்திக் கொடுக்க அந்த வீட்டில் வாழ்பவரால் முடியும். அச்சான பிறகு கூப்பிட்டால் கையெழுத்துத்தான் கிடைக்கும்.

வரைவைப் பார்த்துச் சொல்லும் முதியோர் குழுவில் 6 முதல் 8 பேர் போதும். பெரிய வீட்டுக்காரர்கள் மட்டும் வேண்டாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வயதான தம்பதியும் வரட்டும். பெண்களை முதலில் தனியாகக் கேளுங்கள். செட்டியார்கள் பேச ஆரம்பித்தால் ஆச்சிகள் அடங்கிவிடுவார்கள். காலை 10 மணிக்குத் தொடங்கி ஒன்றேகால் மணி நேரம், நடுவே இடைவேளை. சில பிரஷர் மாத்திரைகள் அடிக்கடி சிறுநீர் போகவைக்கும், அதனால் கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் படவேண்டும். சத்தம் போடும் ஃபேனை நிறுத்துங்கள். எழுத்து 16 பாயின்ட்டுக்குக் குறையக்கூடாது.

ஆட்டோ செலவோடு நேரத்துக்கான மதிப்பூதியத்தையும் முதல் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். 'பெரியவர்கள் சேவையாக வருவார்கள்' என்பது நமக்கு வசதியான நினைப்பு.

பெரியவர் ஆய்வில் சேர்வதை சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் வாட்ஸ்அப்பில் சொல்வது மரியாதை. அது சம்மதம் ஆகாது. விவரம் புரிந்து முடிவெடுக்கக்கூடியவர் என்றால் சம்மதம் அவருடையதுதான். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்திட வேண்டும். 2017-ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைகளிலும் இது உண்டு.

முடிவுகள் வந்ததும் ஒரு பக்கத் தமிழ் வரைவோடு அதே குழுவை மறுபடி உட்காரவையுங்கள். 'இது அப்படியில்லை, தம்பி' என்று யாராவது சொன்னால், காரணத்தோடு அதையும் அறிக்கையில் சேருங்கள்.